மூட்டைப்பூச்சியின் பயணமும் மலர்த்தூளின் வரலாறும்

பிழைப்பை நாடியும் கல்வியை நாடியும் பிற மாநிலங்களுக்குச் சென்று வாழும் தமிழ் மக்கள், தாய்மொழியையும் சமையலையும் பண்டிகைகளையும் தம்முடன் எடுத்துச் செல்கின்றனர். இவற்றோடு அழையாமலே உடன்வரும் வழித்துணை ஒன்றும் உண்டு. அதுவே மூட்டைப்பூச்சி. கேரளத்தார் அதனை மூட்ட என்பர். கன்னடத்தார் திகணே என்பர். தெலுங்கர் நல்லி என்பர். மராத்தியர் டேகூண் என்பர். இந்தி பேசுவோர் கட்மல் என்பர். பெயர் மாறினும் கடி மாறுவதில்லை. கடியினும் கொடிது, அதனால் நேரும் நாணம். பூச்சி கண்ட வீட்டார் அதனை அயலாரிடம் சொல்ல அஞ்சுகின்றனர். அந்த அச்சமே பூச்சிக்கு அரணாக அமைந்துவிடுகிறது. எனவே இச்சிற்றுயிர் எவ்வாறு பரவியது, அதனை ஒழிக்க மக்கள் கையாண்ட இயற்கைத் தூள்களின் கதை யாது என்பதனைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

மூட்டைப்பூச்சி ஏழையின் குடிசையில் பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். பழைய நூல்கள் அவ்வாறு கூறவில்லை. பஞ்சதந்திரக் கதையொன்றில் அது அரசனுடைய பள்ளியறைக்கே விருந்தாளியாக வருகிறது. அரசனின் மெல்லணையில் நெடுநாள் அடங்கி வாழ்ந்த சீலைப்பேன், வந்த விருந்தை மறுக்க இயலாமல் இடம் தருகிறது. பொறுமையற்ற மூட்டைப்பூச்சி, அரசன் கண்ணயரும் முன்பே கடித்துவிட்டு ஓடி ஒளிகிறது. ஏவலர் விளக்கேற்றித் தேடும்போது அகப்பட்டு உயிரிழப்பது சீலைப்பேனே. குற்றம் செய்தது ஒன்று. தண்டனை பெற்றது மற்றொன்று. வடமொழித் தனிப்பாடல் ஒன்றும் இப்பூச்சியை வைத்து நகையாடுகிறது. திருமால் பாற்கடலிலும், சிவபெருமான் பனிமலையிலும், திருமகள் தாமரையிலும் துயில்வது மூட்டைப்பூச்சிக்கு அஞ்சியே என்பது அதன் கருத்து. அரண்மனையும் அதற்கு விலக்கில்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

உண்மையில் இப்பூச்சியின் தொன்மை மனிதனின் தொன்மையினும் பெரிது. 2019ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சியொன்று, மூட்டைப்பூச்சிக் குலம் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே உலகில் இருந்தது எனக் காட்டியது. மனிதரைக் கடிப்பவற்றுள் முதன்மையான இனங்கள் இரண்டு. ஒன்று குளிர்நாடுகளில் மிகுதியாக வாழ்வது. மற்றொன்று நம் தென்னாட்டைப் போன்ற வெப்பநாடுகளில் மிகுதியாக வாழ்வது. இரண்டிற்கும் பறக்கும் இறக்கை இல்லை; தாவும் காலும் இல்லை. ஆகவே தொலைவழிச் செல்ல அது பிறர் உதவியையே நம்பியிருக்கிறது. தலையணை உறை, பாய்ச்சுருள், இரும்புப்பெட்டியின் மூலை, பழைய நாற்காலியின் பிரம்பு, கட்டிலின் பொருத்து ஆகியவையே அதன் வாகனங்கள். பெண்பூச்சி தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. வெப்பம் மிகுந்த நாட்களில் முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து பத்து நாட்களுக்குள் பொரிக்கிறது. குஞ்சு வளர்ந்து முதிர்வதற்குள் 5 முறை சட்டை உரிக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு வேளை இரத்தம் வேண்டும். உணவு கிடையாவிடில், குளிர்ந்த இடத்தில் பல மாதங்கள் பட்டினி கிடக்கவும் அது வல்லது. பூட்டிவைத்த வீட்டைப் பல வாரங்கள் கழித்துத் திறந்து படுப்பவர், முதலிரவே கடிபடுவதன் காரணம் இதுவே.

அதன் பயணத்தைக் காண நமக்கு நன்கு அறிமுகமான எல்லைப்புறம் ஒன்றனை எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் பெருமாட்டி உள்ளது. பனைமரங்கள் நிறைந்த அந்நிலப்பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. சித்தூர் முன்னாள் கொச்சி அரசைச் சேர்ந்தது. அதனைச் சூழ்ந்திருந்த பாலக்காட்டுப் பகுதியோ சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் உருவானபோது இரண்டும் ஒரே மாநிலத்துள் அடங்கின. ஆயினும் மக்களின் நடமாட்டத்தை எந்த எல்லைக்கோடும் தடுத்ததில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியே வணிகரும் நெசவாளரும் கூலிமக்களும் காலங்காலமாக வந்துபோயினர். 1862ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை இருப்புப்பாதை அமைந்தது. 1932இல் பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காட்டிற்கு ரயில் ஓடலாயிற்று. கால்நடையாகப் பல நாள் சென்ற பாய்ச்சுருள், ஒரே பகலில் ஊர் மாறியது. மனிதன் விரைந்து செல்லச் செல்ல, பூச்சியும் விரைந்து சென்றது.

தெற்கே இடுக்கி மலைகளிலும் இக்கதையே வேறு வடிவில் நிகழ்ந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றிய பின்னர், மூணாற்றுப் பகுதியில் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். போடிநாயக்கனூர் வழியாக மலையேறி வந்த குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். ஒரு சுவருக்கு இப்பாலும் அப்பாலும் இரு குடும்பங்கள். அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில். ஒரு வீட்டில் புகுந்த பூச்சி, சுவர் வெடிப்பு வழியே வரிசை முழுவதும் உலவ இதனினும் வசதியான அமைப்பு வேறு வேண்டுமோ? ஒரு குடும்பம் மட்டும் அரும்பாடுபட்டுத் தன் வீட்டைத் தூய்மை செய்தாலும், அடுத்த வாரமே பக்கத்து வீட்டிலிருந்து புதிய விருந்து வந்துவிடும். தோட்டத் தொழிலாளர்க்கு வீட்டுவசதி அளித்தல் முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்விதிக்கு முன்பும் பின்பும், வீட்டின் அமைப்பால் விளைந்த துன்பத்தை வீட்டில் வாழ்வோரின் குற்றமாகக் கூறும் வழக்கம் உலகில் மறையவில்லை.

இப்பழி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1730இல் லண்டன் நகரில் ஜான் சௌதால் என்பவர் மூட்டைப்பூச்சியைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் எரிந்த நகரைப் புதுப்பிக்க வெளிநாட்டிலிருந்து தருவித்த மரத்தோடு பூச்சி வந்தது என்பது அவர் கூற்று. அதனை ஒழிக்கும் மறைபொருள் மருந்து ஒன்றையும் அவரே விற்றுவந்தார். பூச்சி எங்கிருந்தோ வந்தது, கொண்டுவந்தவன் அயலான், மருந்து என்னிடம் உள்ளது என்னும் இம்மூன்று பேச்சும் அன்று தொட்டு இன்றுவரை எல்லா நகரங்களிலும் கேட்கின்றன. மும்பையின் சால் அறைகளில் வாழும் தமிழரும், கேரளத்தில் இன்று பணிபுரியும் வங்கத்தாரும் ஒடியரும் இப்பழிச்சொல்லைக் கேட்டிருக்கக் கூடும். பஞ்சதந்திரத்துச் சீலைப்பேனின் நிலை இதுதான்.

பூச்சியின் மீதே பொய்ப்பழி விழுந்த காலமும் உண்டு. அந்நிகழ்ச்சி நம் சென்னையில் நடந்தது. 1903இல் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டொனோவன் என்னும் மருத்துவர் காலா ஆசார் என்னும் கொடிய காய்ச்சலின் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அந்நோயைப் பரப்புவது யாது என்ற கேள்வி எழுந்தது. கிண்டியிலுள்ள கிங் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பேட்டன் என்பவர், மூட்டைப்பூச்சியின் குடலில் அந்நுண்ணுயிர் வளர்வதைக் கண்டு, 1907இல் அறிக்கை வெளியிட்டார். பூச்சியே குற்றவாளி எனப் பல்லாண்டு ஐயுறப்பட்டது. இறுதியில் 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் நடத்திய சோதனை, மணல் ஈயே அந்நோயைப் பரப்புவது என நிலைநாட்டியது. மூட்டைப்பூச்சி தன் கடியால் மனிதரிடையே நோய் பரப்புகிறது என்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. அரிப்பும் தடிப்பும், உறக்கமின்மையும், சொறிந்த புண் சீழ்பிடித்தலுமே அதனால் வரும் கேடுகள். இவை சிறியவை அல்ல. ஆயினும் பேரச்சம் கொள்ளத் தக்கவையும் அல்ல.

இனித் தூளின் கதைக்கு வருவோம். நம் இல்லங்களில் முதலிடம் பெற்றது வசம்பு. குழந்தை மருந்தாகப் புகழ்பெற்றமையால் பிள்ளை வளர்ப்பான் என்றும், இரவில் பெயர் கூறலாகாது என்ற நம்பிக்கையால் பேர் சொல்லா மருந்து என்றும் அதனை வழங்குவர். அதன் கிழங்கைப் பொடித்துப் பெட்டியிலும் ஏட்டுச் சுவடியிலும் படுக்கையிலும் தூவிப் பூச்சிகளை விலக்கினர். வேப்பிலை, நொச்சியிலை, சீத்தாப்பழ விதைத் தூள் ஆகியவையும் பயன்பட்டன. கட்டிலை வெயிலில் இட்டுத் தட்டுவதும், பொருத்துகளில் கொதிநீர் ஊற்றுவதும் எல்லா ஊர்களிலும் நிகழ்ந்தன. பிற நாட்டாரும் சும்மா இருக்கவில்லை. பால்கன் நாடுகளில் மக்கள் இரவில் தரையெங்கும் அவரையினச் செடியின் இலைகளைப் பரப்பி, காலையில் பூச்சியோடு சேர்த்து எரித்தனர். அவ்விலையின் நுண்ணிய வளைமுட்கள் பூச்சியின் காலைக் குத்திப் பிடிப்பதே அதன் இரகசியம் என்பதை 2013இல் அமெரிக்க விஞ்ஞானிகள் விளக்கினர். முன்னோர் கைமுறையில் சில வெறும் நம்பிக்கை; சில நுட்பமான உண்மை. இரண்டையும் பிரித்தறிவதே ஆராய்ச்சியின் வேலை.

உலகெங்கும் பரவிய இயற்கைத் தூள் ஒன்று உண்டு. அது பைரீத்திரம் எனப்படும் மலரின் தூள். சாமந்திக்கு உறவான அச்செடியின் மலரை உலர்த்திப் பொடித்தால் பூச்சிக்கொல்லி ஆகிறது. நஞ்சு மிகுதியாக உறைவது மலரின் நடுவேயுள்ள சிறு விதைகளில். நாட்டு மருந்துக் கடையில் அக்கரகாரம் என்று விற்கும் வேருக்கும் நூல்களில் இதையொத்த பெயர் வழங்குகிறது. அது வேறு செடி, மூட்டைப்பூச்சிக்கு உதவாது. மலர்த்தூள் முதலில் காக்கேசிய மலைநாட்டிலிருந்து பாரசீகத் தூள் என்ற பெயரில் ஐரோப்பாவிற்குச் சென்றது. பின்னர் ஆட்ரியாட்டிக் கடற்கரையின் டால்மேஷியாவில் இன்னும் வலிய மலரினம் கண்டறியப்பட்டது. வியன்னாவில் சாக்கர்ல் குடும்பத்தார் இத்தூளை விற்றே பெருஞ்செல்வர் ஆயினர். கீழைநாட்டுக் கட்டடப் பாணியில் அவர்கள் எழுப்பிய தொழிற்சாலை இன்றும் அந்நகரில் நிற்கிறது. ஆங்கில ஆட்சிக் காலத்தில் கீட்டிங் தூள் என்னும் தகரடப்பா உலகின் பல நாடுகளுக்கும் சென்றது.

ஜப்பானில் உவேயாமா எயிச்சிரோ என்பவர் 1886இல் இம்மலரின் விதையை அமெரிக்கரிடமிருந்து பெற்றுப் பயிரிட்டார். நாம் இன்று ஏற்றும் கொசுவர்த்திச் சுருள் அவர் தொழிலிலிருந்தே தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானே உலகிற்கு இம்மலரை மிகுதியாக அளித்தது. போர் மூண்டதும் அவ்வழி அடைபட, ஆப்பிரிக்காவின் கென்யா முதலிடம் பெற்றது. நம் நாட்டிலும் காஷ்மீரம், நீலகிரி, கொடைக்கானல் ஆகிய குளிர்ந்த மலைகளில் இம்மலர் பயிரானது. கொடைக்கானல் மலையின் மேற்கு விளிம்பு இடுக்கியின் வட்டவடையைத் தொடுகிறது என்பதை நேயர்கள் நினைவுகூரலாம். லயத்துத் தமிழர் உறக்கமின்றித் தவித்த அதே மலைத்தொடரில், அவர்தம் பகைவனை வீழ்த்தும் மலரும் பூத்தது. ஆனால் அக்காலத்தில் அதன் பெரும்பகுதி மலேரியா ஒழிப்பிற்கும் போர்முனைக்குமே வேண்டப்பட்டது. 1930களின் பிற்பகுதியில் ராக்பெல்லர் நிறுவனத்து டாக்டர் பால் ரசல், சென்னை மாகாணத்துக் கிராம வீடுகளில் இம்மலர்ச் சாற்றைத் தெளித்துக் கொசுக்களைக் கொல்லும் சோதனைகளை நடத்தினார்.

இந்நிலையில் டி.டி.டி. வந்தது. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் கண்டார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். இந்தியாவில் 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீடுதோறும் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. கொசுவோடு மூட்டைப்பூச்சியும் மடியக் கண்ட மக்கள் மகிழ்ந்து வரவேற்றனர். மலர்த்தூள் மறக்கப்பட்டது. ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. டி.டி.டி.க்கு மடியாத மூட்டைப்பூச்சிகள் 1947இலேயே ஹவாய்த் தீவின் கடற்படைக் குடியிருப்பில் காணப்பட்டன. சில ஆண்டுகளில் இந்தியாவிலும் அவ்வாறே ஆயிற்று. மருந்து தெளித்த பின் பூச்சி மிகுதியாகிறது என்று கூறித் தெளிப்பாளரைத் திருப்பி அனுப்பிய கிராமங்களும் உண்டு. பூச்சியைத் தாங்காத மக்கள் மலேரியாத் தடுப்பையே மறுக்கும் நிலை வந்தது. சிறு துன்பத்தைப் புறக்கணித்தால் பெரிய பணியும் தடைப்படும் என்பதற்கு இது தக்க சான்று.

இதனினும் வியப்பானது மற்றொன்று. டி.டி.டி.யும் மலர்த்தூளும் பூச்சியின் நரம்பில் ஒரே வாயிலைத் தாக்குகின்றன. ஒன்றைத் தாங்கப் பழகிய பூச்சி, மற்றொன்றையும் ஓரளவு தாங்கிவிடுகிறது. 1924இல் ஸ்டாடிங்கர், ருசிக்கா என்னும் வேதியியலார் மலர்நஞ்சின் கட்டமைப்பை ஆராய்ந்து வெளியிட்டனர். அதனைப் பின்பற்றிச் செயற்கை நஞ்சுகள் பிறந்தன. 1973இல் இங்கிலாந்தின் மைக்கேல் எலியட் குழுவினர், வெயிலுக்கும் அழியாத பெர்மெத்ரினை அறிவித்தனர். உலகம் முழுவதும் அவற்றைத் தெளித்தது. 1990களின் இறுதியில், ஒழிந்தது என எண்ணிய மூட்டைப்பூச்சி லண்டன், நியூயார்க் விடுதிகளிலும் திரும்பத் தோன்றியது. அதன் நரம்பு முன்பே பயிற்சி பெற்றிருந்தது. ஆகவே, இயற்கைத் தூள் என்றவுடன் அது தவறாது கொல்லும் என்று நம்புவதும் பிழை. பயனற்றது என்று தள்ளுவதும் பிழை.

இவ்வரலாறு அயலூரில் வாழும் நமக்குக் கற்பிக்கும் முறை யாது? தூளைக் கடைசியில் வைத்து, வெப்பத்தையும் கூட்டு முயற்சியையும் முதலில் வைத்தல் வேண்டும். படுக்கை விரிப்பையும் உடைகளையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் மடியும். கட்டிலைப் பிரித்து ஒவ்வொரு பொருத்திலும் துளையிலும் கொதிநீர் ஊற்றுக. வெறும் வெயில் போதாது. பூச்சி நிழற்பக்கம் நகர்ந்துவிடும். சுவர் வெடிப்பைச் சுண்ணாம்போ சிமெண்டோ கொண்டு அடைத்துவிடுக. கட்டிலைச் சுவரிலிருந்து சிறிது விலக்கிப் போடுக. இவை முடிந்த பின்னரே மலர்த்தூளை வெடிப்புகளிலும் கட்டிலின் அடியிலும் மெல்லிதாகத் தூவலாம். ஈரமும் ஒளியும் அதன் ஆற்றலைக் கெடுக்கும். முட்டையை அது கொல்லாது. எனவே பத்து நாட்கள் கழித்து மீண்டும் தூவுதல் இன்றியமையாதது. பூச்சி கட்டுக்கடங்கும்வரை இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தல் நன்று. வசம்புத்தூள் பெட்டியிலும் அலமாரியிலும் பூச்சியை விலக்க உதவும்; புகுந்துவிட்ட கூட்டத்தை அழிக்க அது மட்டும் போதாது. எத்தூளையும் மூச்சில் இழுத்தலும், குழந்தையின் படுக்கை மேல் தூவுதலும் ஆகா. இயற்கையில் விளைந்த நஞ்சும் நஞ்சே.

மற்றொரு செய்தியை அழுத்திக் கூற விரும்புகிறோம். தானியக் கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளைச் சிலர் அறியாமையால் உறங்கும் அறையில் வைக்கின்றனர். ஈரக்காற்றுப் பட்டவுடன் அது வெளியிடும் வாயு, சுவருக்கு அப்பால் உறங்குவோர் உயிரையும் பறிக்க வல்லது. மூட்டைப்பூச்சி பொதுவாக உயிரைக் கவர்வதில்லை. அதனை ஒழிக்க முற்பட்ட அவசரமே மக்களின் உயிரைக் கவர்ந்திருக்கிறது. அம்மாத்திரையை வீட்டு வாயிலுக்குள்ளும் விடலாகாது.

ஊர்ப்பயணம் முடிந்து திரும்புவோர் பெட்டியைக் கட்டிலின் மேல் திறவாது, வாசலிலே திறந்து உதறுவது நல்ல வழக்கம். பழைய கட்டிலும் மெத்தையும் மலிவாகக் கிடைத்தால், வாங்குமுன் அதன் மடிப்பையும் பொருத்தையும் விளக்கொளியில் பார்த்தல் நலம். கறுப்புப் புள்ளிகளும் உரிந்த சட்டைகளும் காணப்பட்டால் அது நமக்கு வேண்டாத சரக்கு. எல்லாவற்றினும் முதன்மையானது, கண்டவுடன் பக்கத்து அறையாரிடம் சொல்லுதல். ஒரு லயமோ, ஒரு சாலோ, ஒரு விடுதியோ முழுவதும் ஒரே நாளில் கட்டில்களை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றினால் பூச்சிக்கு ஓடிப் புக இடமிராது. ஒருவர் மறைத்தால் அனைவரும் கடிபடுவர். சொல்பவரை இகழாதிருப்பது கேட்பவரின் கடமை.

அரசனின் அணையிலிருந்து லயத்தின் பாய்வரை, மனிதன் சென்ற வழியெல்லாம் இப்பூச்சியும் சென்றிருக்கிறது. அது நாம் பயணம் செய்தோம் என்பதற்குச் சான்றே ஒழிய, நாம் தூய்மையற்றவர் என்பதற்குச் சான்று ஆகாது. நாணத்தை விடுத்து, பக்கத்து வீட்டாருடன் கைகோத்து, பொறுமையுடன் முயல்வோர் இல்லத்தில் நல்லுறக்கம் மீளும்.